பன்னிரண்டு குழந்தைகள், நான்கு ரம்பங்கள்: ஒரு மரவேலை வகுப்பின் நிகழ்வு ஆய்வு

முதல் நாள் வகுப்பு முடிந்து குழந்தைகள் கிளம்பிய பிறகு மேசைமேல் நான்கு குருவிக்கூடுகள் அப்படியே இருந்தன. இருவருக்கு ஒன்றாக மொத்தம் ஆறு செய்திருந்தோம். கூரை சரிவாக, வாசல் வட்டமாக, மூலைகள் மட்டமாக, பார்க்க நல்ல பெட்டிகள்தான். "யார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டபோது இரண்டு ஜோடிகள் மட்டும் கை தூக்கின. மற்றவர்கள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

தான் செய்த பொருளைக் குழந்தை விட்டுவிட்டுப் போகாது. கோணல்மாணலாக இருந்தாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போகும். அப்படியானால் அந்த நான்கு பெட்டிகளை உண்மையில் செய்தது யார்? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் அடுத்த நான்கு வாரங்களையும் மாற்றி அமைத்தோம். குழந்தைகளோடு மரவேலை செய்ய நினைக்கும் யாருக்காவது உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பன்னிரண்டு குழந்தைகள். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஐந்து வாரங்கள். பெரியவர்கள் மூன்று பேர்: நான், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர், ஒரு குழந்தையின் அப்பா. தச்சரைப் பிள்ளைகள் முதல் நாளே தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் நாள் என்ன நடந்தது

குருவிக்கூட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. பயனுள்ள பொருள், அழகானது, ஒரே பலகையில் முடிந்துவிடும். 15 செ.மீ. அகலம், ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ள பலகை ஒன்று இருந்தால் முதுகு, முகப்பு, இரண்டு பக்கம், அடி, கூரை என்று ஆறு துண்டும் கிடைக்கும். நேரமாகுமே என்று பலகைகளை முந்தைய இரவே நாங்கள் பாதி அறுத்து வைத்துவிட்டோம். வாசலுக்கான 32 மி.மீ. துளையையும் நாங்களே போட்டோம். மீதி அறுப்பும் ஆணி அடிப்பதும் குழந்தைகளுக்கு என்று திட்டம்.

கையில் இருந்தவை நான்கு ரம்பம், ஆறு சுத்தியல், பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிக்க இரண்டே இரண்டு கிளாம்ப். அந்த "இரண்டே இரண்டு" என்பதில்தான் அன்றைய தோல்வி முழுவதும் இருந்தது. அன்று அது என் கண்ணில் படவில்லை.

கிளாம்ப் கிடைக்காத பிள்ளைகள் பலகையை முழங்காலால் அழுத்தியும், இன்னொரு பிள்ளையைப் பிடிக்கச் சொல்லியும் அறுத்தார்கள். பலகை ஆடியது, ரம்பம் சிக்கியது. சிக்கிய ரம்பத்தை வெடுக்கென்று இழுத்த ஒரு சிறுவனுக்கு இடது கை ஆள்காட்டி விரலில் கீறல். சின்னக் காயம்தான், கழுவிக் கட்டுப் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் அதன்பின் பெரியவர்கள் மூவரும் பயந்துபோனோம். பயத்தில் ரம்பத்தை நாங்களே வாங்கிக்கொண்டோம். "கொடு, நான் அறுத்துத் தர்றேன்" என்பதை அன்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. குழந்தைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். சிலர் மரத்தூளைக் குவித்து விளையாடினார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு குழந்தையின் கையில் கருவி இருந்த நேரம் கால் மணிகூட இருக்காது.

ஆணி அடிக்கும்போது இன்னொன்று. பலகையின் ஓரத்துக்கு மிக அருகில் அடித்ததால் மூன்று பலகைகள் ரேகை வழியே பிளந்தன. ஆணி முனை ஆப்பு மாதிரி நாரைப் பிரித்துக்கொண்டு இறங்குகிறது. ஓரத்தில் அந்த அழுத்தத்தைத் தாங்க மரம் போதாது. முன்துளை போட்டுவிட்டு அடித்திருக்க வேண்டும். தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் விட்டுவிட்டோம்.

வெட்டுகளை எண்ணிப் பார்த்தோம்

அன்று மாலை தாத்தா ஒரு துண்டுப் பலகையின் பின்புறத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பெட்டிக்கு ஐந்து வெட்டு. ஆளுக்கொரு பெட்டி என்றால் பன்னிரண்டு பேருக்கு அறுபது வெட்டு. 15 செ.மீ. அகலப் பலகையைக் குழந்தை ஒரு முறை அறுக்க எட்டு நிமிடமாவது ஆகும். மொத்தம் 480 நிமிடம். நான்கு ரம்பத்துக்குப் பகிர்ந்தால் இரண்டு மணி நேரம். அதாவது வகுப்பு முழுவதும் அறுப்பதிலேயே போய்விடும், அதுவும் ஒரு நொடிகூட யாரும் நிற்காமல் அறுத்தால்!

"பொருளைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுத்தீங்க. வெட்டை எண்ணித் தேர்ந்தெடுக்கணும்" என்றார்.

குழந்தைகளுக்கான மரவேலை என்று தேடினால் எங்கும் பொருள்களின் பட்டியல்தான் கிடைக்கிறது. கூடு, வண்டி, பெட்டி, தாங்கி. குழுவாகச் செய்யும்போது ஒரு பொருள் எளிதா கடினமா என்பதை அதன் தோற்றம் சொல்லாது. எத்தனை வெட்டு, ஒவ்வொரு வெட்டும் எவ்வளவு அகலம், எத்தனை துளை, எந்த நேரத்தில் எத்தனை பேர் ஒரே கருவிக்குக் காத்திருப்பார்கள் என்பவைதான் சொல்லும். 4 செ.மீ. அகல ரீப்பர் கட்டையை அதே குழந்தை இரண்டு மூன்று நிமிடத்தில் அறுத்துவிடும். வலி எடுப்பதற்கு முன்பே துண்டு கீழே விழும் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்கு ஒரு குழந்தையின் முகம் மலர்வதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1860களில் ஃபின்லாந்தின் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு உனோ சிக்னேயஸ் கைவேலையைப் பாடமாகக் கொண்டுவந்தார். ஸ்வீடனில் நேஸ் என்னும் இடத்தில் ஓட்டோ சாலமன் அதை ஒரு முறையாகவே வளர்த்து, பல நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். ஸ்லாய்ட் என்று அதற்குப் பெயர். எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும்படி பொருள்களை வரிசைப்படுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றும் வீட்டில் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும். பிள்ளையின் வேலையில் ஆசிரியர் கை வைக்கக் கூடாது. அந்தக் கடைசி விதியைத்தான் நான் முதல் நாளே மீறியிருந்தேன். மேசையில் தங்கிப்போன நான்கு பெட்டிகளிலும் என் கை பட்டிருந்தது.

இரண்டாம் வாரம்: பிடிமானம்

அடுத்த வாரத்துக்குள் கிளாம்ப்களை எட்டாக்கினோம். ரம்பம் நான்கு போதும் என்று விட்டுவிட்டோம். ஒரு ரம்பத்துக்கு இரண்டு கிளாம்ப். ஒன்று மட்டும் போட்டால் கட்டை அதை அச்சாக வைத்துச் சுழலும். இரண்டு போட்டால் அசையாது. பெரியவர்களுக்கான மேசை சின்னப் பிள்ளைகளுக்கு நெஞ்சு உயரம் வந்ததால் இரண்டு மேசைகளை ஒதுக்கிவிட்டு, அவர்கள் இடுப்பு உயரத்துக்கு வரும் தாழ்வான பெஞ்சுகளைக் கொண்டுவந்தோம். உயரம் சரியாக இருந்தால் தோளிலிருந்து பலம் வருகிறது. மேசை உயர்ந்துவிட்டால் மணிக்கட்டு மட்டும்தான் வேலை செய்கிறது.

ரம்பமும் மாறியது. தள்ளும்போது அறுக்கும் பெரிய ரம்பத்துக்குப் பதிலாக, இழுக்கும்போது அறுக்கும் ஜப்பானிய வகைச் சிறு ரம்பம். தள்ளினால் மெல்லிய தகடு வளைந்து மடங்கும். இழுத்தால் அது தானாகவே நேராக நிற்கும். கைப்பிடி நீளமாக இருப்பதால் இரண்டு கையாலும் பிடிக்கலாம். இதுவே எங்கள் முதல் விதியானது: இரண்டு கையும் ரம்பத்தில், கட்டையைப் பிடிப்பது கிளாம்ப்பின் வேலை. இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தால் வெட்டுப்படக் கை மிச்சமில்லை. அந்த வாரத்திலிருந்து கடைசி நாள் வரை ரம்பத்தால் ஒரு கீறல்கூட விழவில்லை.

அன்றைய பொருள் மிகச் சாதாரணம். ரீப்பரில் 10 செ.மீ. துண்டு ஒன்று அறுத்து, அதைச் சுற்றி உப்புத்தாளை மடித்துப் பிடிக்க வேண்டும். தேய்க்கும் கட்டை, அவ்வளவுதான். ஒரே ஒரு வெட்டு. அடையாளக் கோட்டை மூலைமட்டத்தை வைத்து நான்கு பக்கமும் சுற்றிப் போடக் கற்றுக்கொடுத்தோம். ரம்பத்தைக் கோட்டின் மேல் வைக்காமல் கோட்டை ஒட்டி வெளியே வைக்க வேண்டும், கோடு கட்டையில் மிஞ்ச வேண்டும் என்று தாத்தா சொன்னார். முதல் இரண்டு மூன்று இழுப்பு மெதுவாக, காடி விழும் வரைக்கும். பிறகு நீளமான இழுப்பு. அழுத்தக் கூடாது, "ரம்பம் தானா தின்னும், நீ சும்மா இழு."

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி முதலில் தாடையை இறுக்கிக்கொண்டு, முழு உடம்பையும் ரம்பத்தின் மேல் போட்டு அழுத்தினாள். இரண்டு விரற்கடை மட்டுமே முன்னும் பின்னும் போனது. தாத்தா ரம்பத்தைத் தொடவில்லை. பக்கத்தில் நின்று காற்றில் இழுத்துக் காட்டினார், தோளிலிருந்து இடுப்பு வரை, நீளமாக. அவள் பார்த்தாள். தாடை தளர்ந்தது. அடுத்த இழுப்பில் ரம்பத்தின் சத்தமே மாறியது. முணுமுணுப்பு போய்ச் சீறல் வந்தது. துண்டு விழுந்ததும் வெட்டு முகத்தில் விரலை ஓட்டினாள். கீழ் விளிம்பில் மட்டும் பிசிறு இருந்தது. "இதைத் தேய்க்க இதுவே உதவுமா?" என்று கேட்டாள். உதவும். தன் கட்டையைத் தானே தேய்ப்பதற்காக, பக்கத்துப் பிள்ளையின் கட்டையை இரவல் வாங்கினாள். அடுத்த மூன்று வாரமும் அந்தத் தேய்க்கும் கட்டைகள் எல்லார் கையிலும் இருந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை. முதலில் செய்யும் பொருள் கருவியாக இருப்பது நல்லது என்று அன்று தோன்றியது. அதன்பின் வந்த குழுக்களோடும் இப்படியே தொடங்குகிறேன்.

மீதி நேரத்தில் பென்சில் தாங்கி. ஒரு கட்டை, ஐந்து துளை. கையால் சுற்றும் துரப்பணம்தான் வைத்தோம்; மின்சார டிரில் வேகமாக முடித்துவிடும், குழந்தைக்கு மரத்தின் எதிர்ப்பு தெரியாது. முதலில் துரப்பணத்தில் மெல்லிய அலகை (துளைக்கும் கம்பியை) மாட்டி வழி போட்டுவிட்டு 9 மி.மீ. அலகு. 3 செ.மீ. ஆழத்தில் அலகைச் சுற்றி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இதை இருவராகச் செய்ய வைத்தோம். ஒருவர் சுற்றுவார், இன்னொருவர் பக்கவாட்டில் உட்கார்ந்து துரப்பணம் நேராக நிற்கிறதா சாய்கிறதா என்று சொல்வார். சுற்றுபவருக்குத் தன் சாய்வு தெரியாது. ஆக, காத்திருக்கும் குழந்தைக்கும் உண்மையான வேலை கிடைத்தது.

இருபத்தைந்து ஆணிகள்

மூன்றாம் வாரம்தான் என் மனதில் ஆழமாக நின்றுவிட்டது. 16 செ.மீ. சதுரப் பலகை, அதில் 3 செ.மீ. இடைவெளியில் ஐந்துக்கு ஐந்து, இருபத்தைந்து ஆணிகள். முடிந்ததும் ரப்பர் பேண்டை மாட்டி முக்கோணம், நட்சத்திரம் என்று வடிவங்கள் செய்யலாம். பலகைகளை முன்கூட்டியே அறுத்துக் கொடுத்தோம், ஏனென்றால் இன்றைய பாடம் சுத்தியல். வெட்டு பூஜ்யம், ஆணி இருபத்தைந்து.

225 கிராம் அளவுச் சிறிய சுத்தியல், பெரிய தலையுள்ள ஆணி. குழந்தைகள் எல்லாரும் ஆரம்பத்தில் சுத்தியலைக் கழுத்தில் பிடிக்கிறார்கள். பயம்தான் காரணம்; தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் குறி தப்பாது என்று தோன்றுகிறது. ஆனால் அப்படிப் பிடித்தால் பலமே வராது, பத்துத் தட்டு தட்டியும் ஆணி நிற்காது. கையைக் கீழே இறக்கு என்று சொல்லிப் பயனில்லை. விரல் பயம் போனால்தான் கை இறங்கும். அதற்கு ஒரு தடித்த அட்டைத் துண்டின் ஓரத்தில் சின்ன வெட்டு போட்டு, அதில் ஆணியைச் செருகிப் பிடிக்கச் சொன்னோம். விரல் ஆணியிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஆணி நின்றதும் அட்டையை உருவிவிடலாம். சிலர் சீப்பின் பற்களுக்கிடையில் செருகினார்கள், அதுவும் வேலை செய்தது.

ஆணி வளைந்தால் பிடுங்கி எறியாதீர்கள், அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள் என்றோம். அதனால் ஒரு விஷயம் தானாக வெளிப்பட்டது. முடிந்த பலகைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மேல் வரிசையில் ஆணிகள் குடிபோதையில் நிற்பதுபோலச் சாய்ந்து கிடந்தன. இரண்டாம் வரிசையில் ஒன்றிரண்டு நேர். நான்காம், ஐந்தாம் வரிசை கிட்டத்தட்ட முழுவதும் நேர். ஒரு குழந்தை அரை மணி நேரத்தில் என்ன கற்றுக்கொண்டது என்பது பலகையிலேயே எழுதியிருந்தது. பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். முதல் வரிசையைப் பிடுங்கிச் சரிசெய்யலாமா என்று ஒரு அப்பா கேட்டபோது அவர் மகன் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "வேண்டாம், இது நான் தெரியாம இருந்தப்போ அடிச்சது."

அன்று ஒரு விரல் நசுங்கியது, என்னுடையது அல்ல, தாத்தாவுடையது. ஏழு வயதுக்காரன் ஒருவனுக்குப் பிடித்துக்கொடுக்கப் போனார். அதன்பின் விதியில் ஒரு வரி சேர்ந்தது: பெரியவர்களும் ஆணியை அட்டையால்தான் பிடிக்க வேண்டும்.

படகும் வண்டியும்

நான்காம் வாரம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றோம்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டையில் இரண்டு துளை, இரண்டு உருளைக் குச்சி, நான்கு சக்கரம். குச்சி 6 மி.மீ., கட்டையின் துளை 8 மி.மீ., சக்கரத்தின் துளை 6 மி.மீ.; அச்சு கட்டைக்குள் தாராளமாகச் சுழல வேண்டும், சக்கரத்தில் இறுக்கமாக நிற்க வேண்டும். இரண்டு துளையும் இணையாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பும். ஐந்து வண்டிகளில் மூன்று திரும்பின. அடுத்த முறை துளைகளை மேசையில் பொருத்திய துரப்பணத்தில் பெரியவர் மேற்பார்வையில் போட வைக்க வேண்டும், அல்லது கட்டைக்கு அடியில் உறிஞ்சுகுழல் துண்டுகளை ஒட்டி அதற்குள் அச்சை விட வேண்டும்.

படகு அப்படியல்ல, அது முழு வெற்றி. 2 செ.மீ. தடிமன் பைன் பலகை. முன்புறம் இரண்டு சாய்ந்த வெட்டு, பின்புறம் ஒரு பிளவு. பிளவின் இரண்டு கொம்புக்கும் நடுவே ரப்பர் பேண்ட், அதில் இரண்டு மெல்லிய தகடுகளைக் காடி வெட்டிக் குறுக்கே கோத்த துடுப்பு. முறுக்கிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் ஓடும். பிளவுக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. பலகையை அறுத்தெடுக்காமல் பின்னால் இரண்டு சிறு கட்டைகளை ஒட்டி ஆணி அடித்துக் கொம்பாக்கினோம். அதனால் வெட்டு நேராகவும் குறுகியதாகவும் அமைந்தது.

பெரிய தொட்டியில் ஏழு படகுகளையும் விட்டோம். முதல் படகு பின்னால் போனது. செய்த சிறுமிக்கு அழுகை முட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை, சிரமப்பட்டுத்தான் திறக்கவில்லை. அவள் படகை எடுத்து, துடுப்பை ஒரு பக்கம் சுற்றி விட்டாள், பிறகு மறுபக்கம் சுற்றி விட்டாள். மூன்றாம் முறை படகு முன்னால் பாய்ந்தது. அப்புறம் அவள்தான் மற்ற ஆறு பேருக்கும் ஆசிரியை. பைன் மரத்தின் அடர்த்தி தண்ணீரில் ஏறக்குறைய பாதி, அதனால் படகின் பாதித் தடிமன் மூழ்கி மீதி மேலே நிற்கிறது என்று சொல்லிக்கொடுக்கவும் அப்போது இடம் கிடைத்தது.

மரம், தூள், காயம்

மரத்தைப் பொறுத்தவரை மென்மையானதும் கணு குறைவானதுமான பைன்தான் எங்களுக்கு ஒத்துவந்தது. கணுவில் ரம்பம் திணறும், ஆணி வளையும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையைக் குழந்தைகள் பக்கமே கொண்டுவர வேண்டாம். அதன் தூள் மிக நுண்ணியது, ஒட்டுவதற்கு ஃபார்மால்டிஹைட் கலந்த பிசின் சேர்க்கிறார்கள். சரக்கு வரும் மரச்சட்டங்களைப் பிரித்துப் பயன்படுத்துவதானால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகையிட்டது, அதைத் தொடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. அது நீண்ட காலம் தூளில் வேலை செய்பவர்களைப் பற்றிய கவலை என்றாலும், தேய்க்கும் வேலையை வெளியில் வைத்துக்கொண்டோம், தரையை ஈரத் துணியால் துடைத்தோம்.

கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்குப் பொருந்தும் சின்ன அளவில். பெரிய அளவு வாங்கினால் நழுவும், பிள்ளைகள் நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். முடியைக் கட்டுவது, தொங்கும் துணியைச் செருகுவது. துரப்பணம் சுற்றும்போது கையுறை கூடாது, சிக்கி இழுத்துவிடும்.

ஐந்து வாரத்திலும் அதிகம் வந்த காயம் சிராய்தான். தேய்க்காத விளிம்பைத் தொட்டதால் வந்தவை எல்லாம். அறுத்ததும் முதல் வேலை விளிம்பை நான்கு தடவை தேய்ப்பது என்று பழக்கியபின் அதுவும் குறைந்தது.

ஐந்தாம் வாரம்

கடைசி நாளுக்குத் திட்டம் எதுவும் வைக்கவில்லை. என்ன செய்ய ஆசை என்று கேட்டோம். அலமாரியில் இருந்த நான்கு குருவிக்கூடுகளை ஒரு பையன் காட்டினான். "அதைப் பிரிச்சு மறுபடி செய்யலாமா?"

பிரிப்பதும் ஒரு வேலைதான் என்று அன்று தெரிந்தது. குறட்டுக்கு அடியில் ஒரு துண்டுக் கட்டையை வைத்து நெம்பினால் ஆணி நேராக வரும், பலகையிலும் பள்ளம் விழாது. வந்த ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டார்கள். இருபத்து நான்கு பலகைகள் மேசையில் பரவின. அவற்றை எப்படிச் சேர்த்தால் பெட்டி வரும் என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. தாங்களாகவே அடுக்கிப் பார்த்தார்கள். முன்துளை போடத் துரப்பணத்துக்கு வரிசை நின்றது, அந்த வரிசையை நாங்கள் சொல்லவில்லை. உள்பக்கத்தை ஒருவன் வழவழவென்று தேய்க்க ஆரம்பித்தபோது மட்டும் தாத்தா நிறுத்தினார். உள்ளே சொரசொரப்பாக இருந்தால்தான் குஞ்சு கால் பதித்து வாசல் வரை ஏறி வரும். வாசலுக்கு அடியில் உட்காரக் குச்சி வேண்டாமா என்று இன்னொருவன் கேட்டான். வேண்டாம், குருவிக்கு அது தேவையில்லை, வேட்டையாட வருபவற்றுக்குத்தான் அது படி. அடிப்பலகையில் தண்ணீர் வடிய நான்கு சிறு துளை.

முதல் நாள் பிளந்துபோன முகப்புப் பலகை ஒன்று அந்த எட்டு வயதுச் சிறுமியின் கைக்கு வந்தது. பிளவின் மேல் விரலை வைத்து, அது எங்கே தொடங்குகிறது என்று ஆணித்துளை வரை ஓட்டிப் பார்த்தாள்.

"இங்க முதல்ல ஓட்டை போட்டிருக்கணும் அக்கா" என்றாள்.

பிறகு மூலைமட்டத்தை எடுத்து, பிளவு முடியும் இடத்தைத் தாண்டிக் கோடு போட்டு, நான்கு பக்கமும் சுற்றி வந்து, கிளாம்ப் இரண்டையும் முறுக்கினாள்.